கடல் அட்டவணையைப் பார்த்து ஆற்றுக்குப் பலகை வாங்காதீர்கள்

ஆழமில்லாத தண்ணீரில் ஓடி ஏறிச் சறுக்கும் பலகையான ஸ்கிம்போர்டு வாங்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளை கைப்பேசியில் தேடினால் வருவதெல்லாம் கடல்தான். அலை, ஈர மணல், ஓடிப்போய்ப் பலகையில் ஏறும் ஆள், கூடவே எந்த எடைக்கு எத்தனை அங்குலம் என்று ஓர் அட்டவணை. இந்த விளையாட்டு பிறந்ததே கடற்கரையில். 1920களில் கலிபோர்னியாவின் லகுனா கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் வெறும் மரப்பலகையில் சறுக்க ஆரம்பித்தார்கள். 1976-இல் அதே ஊரில் விக்டோரியா என்ற ஸ்கிம்போர்டு கம்பெனி தொடங்கியது. அட்டவணைகள் எல்லாம் அந்த வழியில், கரையில் உடைகிற அலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

மலேசியாவில், தஞ்சோங் மாலிமில் பெர்னாம் ஆற்றங்கரையிலோ, கோலகுபு பாருவில் சிலாங்கூர் ஆற்றங்கரையிலோ நிற்பவருக்கு அலை கிடையாது. ஒரே பக்கம் ஓடும் தண்ணீர், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இடம் மாறும் மணல்திட்டு, மேலே போகப்போக உருண்டைக் கருங்கல், இவைதான் அவருக்கு வாய்த்தவை. ஆளின் எடையை மட்டும் பார்த்துப் பலகை வாங்கினால் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறோம். தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது, தண்ணீர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது மீதிப் பாதி. இந்த மீதியைப் பார்க்காததால்தான் நல்ல விலை கொடுத்து வாங்கிய நுரைப்பலகை இரண்டாவது வாரமே கல்லில் குத்துப்பட்டு, தண்ணீர் குடித்து, லயத்துச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது.

பலகைக்கு முன்னால் ஆறு

பத்து மீட்டரை அடி வைத்து அளந்து இரண்டு குச்சி நடுங்கள். மேல்குச்சிக்கு நேரே காய்ந்த செம்பனைக் காய் ஒன்றைப் போட்டு, கீழ்க்குச்சியைத் தாண்ட எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பத்து விநாடி என்றால் விநாடிக்கு 1 மீட்டர். ஐந்து விநாடி என்றால் 2 மீட்டர். மூன்று தடவை போட்டுச் சராசரி எடுத்தால் போதும். நடு ஆற்றில் ஒரு கணக்கு, மணல்திட்டு ஓரத்தில் ஒரு கணக்கு என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் மணலில் உரசிக்கொண்டே போவதால் வேகம் மிகவும் குறைந்திருக்கும்.

இந்த எண் எதற்கு? பலகை மிதப்பதில்லை, வழுக்குகிறது. 6 மி.மீ. மரப்பலகை தன்னைத் தாங்கிக்கொண்டு கூடுதலாக ஒரு கிலோகூடத் தாங்காது, 16 மி.மீ. நுரைப்பலகை ஐந்து கிலோ தாங்கினால் அதிகம். உங்களைத் தூக்கி நிறுத்துவது தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள வேக வித்தியாசம். அந்த வித்தியாசம் இரண்டு மடங்கானால் தூக்கும் சக்தி நான்கு மடங்காகிறது. கடற்கரை மணலில் தேங்கிய தண்ணீர் கிட்டத்தட்ட அசையாமல் இருப்பதால் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்றுதான். ஆற்றில் அப்படி இல்லை. விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடி ஏறுகிறீர்கள், தண்ணீர் 0.8 மீட்டரில் ஓடுகிறது என்று வையுங்கள். ஏறுநீரில், அதாவது ஓட்டத்தை எதிர்த்து ஓடினால், வித்தியாசம் 4.8. இறங்குநீரில் 3.2. தூக்கும் சக்தியில் இது இரண்டேகால் மடங்கு. திட்டு ஓரத்தில் தண்ணீர் 0.3 மீட்டரில்தான் நகர்கிறது என்றாலும், ஏறுநீர் பக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவே கிடைக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆறு போகிற போக்கில்தான் ஓடுகிறார்கள். அதுதான் சுலபம் என்று தோன்றுகிறது. பலகை காலடியில் அமுங்கி நின்றதும், "நம்ம எடைக்கு இது பத்தாது" என்று பெரிய பலகை தேடப் போகிறார்கள். பலகை மாற்றும் முன் திசையை மாற்றிப் பாருங்கள். கரைக்கு இணையாக, மேல்நோக்கி, கொஞ்சம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து ஓடுங்கள். எத்தனையோ பேருக்கு அதே பலகை போதுமானதாகிவிடும்.

ஆழத்தையும் பாருங்கள். ஓடி ஏற 1 முதல் 3 செ.மீ. தண்ணீர் வேண்டும். கணுக்கால் ஆழம் என்றால் ஓட்டமே தடைபடும். அதைவிட முக்கியம் திட்டு எங்கே முடிகிறது என்பது. நம் ஆறுகளின் மணல் தீத்திவங்சா மலையின் கருங்கல் உதிர்ந்து வந்த பருமணல். கடல் மணலைவிடக் கரடு. திட்டின் மேல்பக்கம் சரிவாக இருக்கும், கீழ்ப்பக்கம் படி இறங்கினாற்போல வெட்டுப்பட்டிருக்கும். மணல் எடுத்த இடமாக இருந்தால் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே தலை மூழ்கும் குழி. நீளமான குச்சி ஒன்றால் ஓடப்போகிற பாதை முழுக்கக் குத்திப் பார்க்காமல் பலகையைக் கீழே போடக்கூடாது. போன வாரம் பார்த்த திட்டு என்பது கணக்கில் சேராது. நடுவில் ஒரு வெள்ளம் வந்திருந்தால் அது வேறு திட்டு.

மரமா, நுரையா

எங்கள் பக்கத்து ஆறுகளுக்கு முதல் பலகை மரம்தான் என்பது என் உறுதியான கருத்து. காரணம் விலை மட்டுமல்ல.

நுரைப்பலகை என்பது பிவிசி நுரை உள்ளீட்டின் மேல் கண்ணாடியிழையோ கார்பன் இழையோ போர்த்தி, எப்பாக்சி என்ற இருபொருள் கலவைப் பசையில் உறைய வைத்தது. 16 முதல் 19 மி.மீ. தடிப்பு. லேசாக இருக்கும், அலையில் திரும்ப அருமையாக இருக்கும். அதன் மேல்தோல் ஒரு மி.மீ. அளவுகூட இருக்காது. கூர்மையான கல் ஒன்றில் ஒருமுறை இடித்தால் தோலில் நட்சத்திர வடிவில் விரிசல் விழும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். வெயிலில் வைத்ததும் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து, தோல் நுரையிலிருந்து கழன்று உப்பும். அதற்குப் பிறகு பலகை காலடியில் மெத்தென்று அமுங்கும், வேகம் செத்துவிடும். மரப்பலகை அதே கல்லில் இடித்தால் ஒரு கீறல். காயவைத்து, தேய்த்து, எப்பாக்சி பூசினால் மறுநாள் தண்ணீருக்குத் தயார்.

மரத்தின் குறைகள் அதன் கனமும் விறைப்பும். ஆழமான தண்ணீரில் நுரைப்பலகையைவிடச் சீக்கிரம் அமுங்கும். அடியில் சுத்தமான மணல், கல்லே இல்லாத நீளமான திட்டு, பக்கத்திலேயே ஆழமான ஓட்டம் என்று அமைந்த இடம் கிடைத்தவருக்கு நுரைப்பலகை நியாயமான தேர்வு. கயிற்றில் ஓட்டுகிறவருக்கும் நுரைதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அளவுக்கு வருவோம். கடல் அட்டவணைகள் கிட்டத்தட்ட இப்படிப் போகும்: 45 கிலோ ஆளுக்கு 45 அங்குலம், 60 கிலோவுக்கு 49 அல்லது 50, 75 கிலோவுக்கு 52, 90 கிலோவுக்கு 54-க்கு மேல். கம்பெனிக்குக் கம்பெனி ஓர் அங்குலம் முன்பின்னாக மாறும். இவை அலைக்கான நுரைப்பலகைகள். சமதளச் சறுக்கலுக்கான மரப்பலகைகள் இவற்றைவிடக் குட்டை. 60 கிலோ ஆளுக்கு 40 அங்குலம் என்பதெல்லாம் சாதாரணம். அந்தக் குட்டை, பலகையைக் காலால் சுழற்றி வித்தை காட்டுவதற்காக. ஆற்றில் ஆரம்பிக்கிறவருக்கு இரண்டுக்கும் நடுவில் போவது நல்லது. 60, 65 கிலோ ஆளுக்கு மரத்தில் 45 அங்குலம் நீளம், 20 அங்குலம் அகலம். திட்டு குட்டையாக இருந்து பத்துக் காலடிக்கு மேல் ஓட இடமில்லை என்றால் நீளத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தை ஓர் அங்குலம் கூட்டுங்கள். வால் பக்கம் ஊசியாகக் குறுகாமல் அகலமாக இருந்தால் குறைந்த வேகத்திலும் தாங்கும்.

பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூக்கு மேலே வளைந்திருக்க வேண்டும். 25 முதல் 35 மி.மீ. வரை சரி. அதற்குக் குறைந்தால் சின்னச் சுருக்கமான அலைக்கே மூக்கு குத்தி, ஆள் முன்னால் பறப்பார். அதற்கு மேல் போனால் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். விளையாட்டுச் சாமான் கடையில் தொங்கும் வட்டப் பலகைகள் பெரும்பாலும் ஒரே தட்டை. மேலே படம் ஒட்டியிருப்பார்கள், அந்தப் படம் ஈரத்தில் வழுக்கும். அதைத் தொடவே வேண்டாம். அடியில் துடுப்புச்செதில் வைத்த பலகையும் வேண்டாம். இரண்டு செ.மீ. தண்ணீரில் செதில் மணலைக் கவ்வும்.

பழைய நுரைப்பலகை வாங்குகிறீர்களா? பத்து சென் காசை எடுத்து மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்ற சத்தம் நடுவில் "தொப்" என்று மாறினால் அந்த இடத்தில் தோல் கழன்றுவிட்டது. முன்கால் நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கறுப்பு, பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஒட்டுநாடா போட்டு மறைத்திருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பிளைவூட்டில் நீங்களே செய்வது

வாங்குவதைவிட இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். 8 அடிக்கு 4 அடி, 3 மி.மீ. பிளைவூட் ஒரு தாள் வாங்கினால் 1150-க்கு 500 மி.மீ. துண்டுகள் நான்கு வரும். இரண்டு இரண்டாக ஒட்டினால் இரண்டு பலகை. ஒன்று உங்களுக்கு, ஒன்று தம்பிக்கு.

ஹார்ட்வேர் கடையில் "மரீன்" என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் மரீன் இல்லை. கொதிநீர் தாங்கும் பசையா என்பதுதான் கேள்வி. தாளின் ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் வேண்டாம். ஒரு கைப்பிடி அளவு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, காயவைத்து, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடைத் தாள் அலமாரி முதுகுக்குத்தான் ஆகும்.

வளைவை வைப்பதற்கு ஓர் அச்சு வேண்டும். தட்டையான தடித்த பலகை ஒன்றின் மேல், மூக்குப் பக்கம் கடைசி 35, 40 செ.மீ. தூரத்துக்குப் படிப்படியாக உயரும் குறுக்குச் சட்டங்கள் அடித்தால் போதும். இங்கே ஒரு கணக்கு உண்டு. இரண்டு அடுக்கு ஒட்டி வளைத்தால், அவிழ்த்ததும் வளைவில் கால்பங்கு திரும்பி நிமிர்ந்துவிடும். 30 மி.மீ. வளைவு வேண்டுமென்றால் அச்சை 40-க்கு வையுங்கள். மூன்று அடுக்கு என்றால் ஒன்பதில் ஒரு பங்குதான் நிமிரும், ஆனால் 9 மி.மீ. பலகை கனம். இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் எப்பாக்சியை முள்கரண்டி போல வெட்டிய பிளாஸ்டிக் தகட்டால் சீராக இழுத்துவிட்டு, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, மேலே 50 கிலோ சிமெண்டு மூட்டை இரண்டை ஏற்றி, ஒருநாள் முழுக்க விடுங்கள். மூட்டையைப் பன்னிரண்டு மணி நேரத்தில் எடுக்கிற அவசரம்தான் தட்டைப் பலகைகளின் பிறப்பிடம்.

அதன் பிறகு வடிவம் வெட்டி, விளிம்பைப் பாதி வட்டமாக உருட்டித் தேய்க்க வேண்டும். விளிம்புக்குத்தான் அதிகக் கவனம். பிளைவூட்டின் ஓரம் மரத்தின் வாய் போல. தண்ணீரை அங்கேதான் குடிக்கும். மூன்று பூச்சு எப்பாக்சி, ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்ட பிறகு அடுத்தது. மேலே 5 செ.மீ. அகலக் கண்ணாடியிழை நாடாவைச் சுற்றிலும் மடித்து ஒட்டினால் கல்லடிக்கு அது கவசம். மேலும் கீழும் சதுர மீட்டருக்கு 135 கிராம் எடையுள்ள இழைத்துணி, அதாவது கடைக்காரர் நாலு அவுன்ஸ் என்று சொல்வது, ஒரு படலம் போதும். பலகை ஒன்றுக்கு நடுப்பசைக்கு 130 கிராம், துணிக்கும் பூச்சுக்கும் 400 கிராம், கிண்ணத்தில் வீணாவதையும் சேர்த்து 600 கிராம் எப்பாக்சி கலவை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பலகை இரண்டே கால், இரண்டரை கிலோ வரும்.

நம் ஊர் வெக்கையில் எப்பாக்சி வேறு குணம் காட்டும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் 33 டிகிரியில் அதில் பாதிதான். ஆழமான கிண்ணத்தில் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகும். 150 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். பிசினும் இறுக்கியும் டப்பா சொன்ன விகிதத்தில், எடையா கொள்ளளவா என்று பார்த்து, தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூட்டினால் அது சீக்கிரம் இறுகாது, என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

பூசும் நேரமும் முக்கியம். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் குமிழ் குமிழாக எழும்பும். சூடு இறங்குகிற நேரத்தில் பூசினால் மரம் எப்பாக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே மாலை நான்கு மணி நல்லது. ஆனால் நம் மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் நான்கு மணி என்றால் இடிமழை. மழை ஈரம் பட்டால் பூச்சின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அதன் மேல் அப்படியே அடுத்த பூச்சு போட்டால் ஒட்டாமல் உரியும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போட்டுக் கழுவி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும். முதலில் தேய்த்துவிட்டுக் கழுவினால் அந்தப் படலத்தையே மரத்துக்குள் தேய்த்து ஏற்றியதாகும்.

எப்பாக்சி வெயிலைத் தாங்காது. மேலே இரட்டைக் கலவை கார் பெயிண்டு அடியுங்கள், மேல்பக்கமும் அடிப்பக்கமும் பளிச்சென்ற ஆரஞ்சு. மழைக்குப் பிறகு ஆறு தேத்தாரே என்ற பால்தேநீர் நிறத்தில் ஓடும்போது மரநிறப் பலகை கையை விட்டால் கண்ணுக்கே தெரியாது. கடல் பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். ஆறு கொண்டுபோகும். அதனால் கீழ்ப்பக்கம் ஒருவர் நிற்காமல் சறுக்கக் கூடாது.

காலில் கட்டும் வாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பலகை போய்விடுமே என்று கணுக்காலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். ஓடும் தண்ணீரில் இதைவிட ஆபத்தான காரியம் இல்லை. பலகை ஒரு பக்கமும் நீங்கள் மறுபக்கமுமாக ஒரு விழுந்த மரக்கிளையில் மாட்டினால், தண்ணீர் உங்களை விடாமல் கீழே அமுக்கிக்கொண்டே இருக்கும். குனிந்து அவிழ்க்க முடியாது. பலகை போனால் போகட்டும்.

கால் பிடிப்பு

மெழுகா, ஒட்டுப்பட்டையா? மெழுகு என்றால் வெப்பமண்டலத் தண்ணீருக்கான கெட்டி வகை. மற்ற வகைகள் நம் வெயிலில் எண்ணெயாக வழியும். ஆற்றில் மெழுகின் தொந்தரவு வண்டல். இரண்டு தடவை திட்டில் வைத்து எடுத்தால் மேலே மணல்தாள்போல் ஆகி, முட்டித்தோலை உரிக்கும். ஒட்டுப்பட்டை அதைவிட மேல்: பின்காலுக்கு வால் பட்டை, முன்காலின் நடுப்பாதத்துக்கு நீளப்பட்டை. சுத்தமாகக் காய்ந்த பலகையில் ஒட்டி, ஒருநாள் தண்ணீர் படாமல் வைத்தால்தான் பசை பிடிக்கும். முதல் ஒரு மாதம் மெழுகில் பழகி, உங்கள் கால் எங்கே விழுகிறது என்று தெரிந்தபின் பட்டை ஒட்டுங்கள்.

சுத்த மணலில் வெறுங்கால்தான் நல்லது. கல் உள்ள இடத்துக்கு மெல்லிய அடியுள்ள தண்ணீர்க் காலணி. தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் கிடக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடிடாஸ் கம்போங் என்று கூப்பிடுகிறோமே, அது சேற்றுச் சரிவில் இறங்க அதற்கு நிகர் ஒன்றும் இல்லை. பலகை மேல் நிற்க அது ஆகாது. அடிமுள் தடிப்பில் பலகையின் அசைவு காலுக்குத் தெரியாது, உள்ளே போன தண்ணீரும் வெளியேறாது. கரைவரை அது, கரையில் கழற்றி வையுங்கள்.

காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம்; அதன் சிறுநீர் மழையில் கழுவப்பட்டு ஆற்றுக்கு வரும். எலிக்காய்ச்சல் கிருமி காயம், கண், மூக்கு வழியே நுழையும். காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் வரும் என்பதால் யாருக்கும் ஆறு ஞாபகம் இருக்காது. கிளினிக்கில் "ஆற்றில் இறங்கினேன்" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். 2010-இல் பகாங் லுபுக் யூவில் அந்த நோயும் மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயும் சேர்ந்து பரவி, உயிர்கள் போயின.

கயிற்றில் ஓட்டுவது

கரையில் ஒரு மரத்தில் கயிறு கட்டி, மறுமுனைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் வேகத்திலேயே நிற்பது. சாதாரணக் கயிறு என்றால் ஆற்றின் வேகம் மட்டுமே உங்களைத் தூக்க வேண்டும். 70 கிலோ ஆள் சாதாரணப் பலகையில் நிற்க விநாடிக்கு 4 மீட்டர் அளவு வேண்டியிருக்கும். அவ்வளவு வேகமாக ஓடும் ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது. அதனால்தான் நடுவில் இழுபடும் கயிறு சேர்க்கிறார்கள். பலகையைத் தண்ணீருக்குக் குறுக்கே செங்குத்தாகப் பிடித்தால் ஆறு உங்களைக் கீழே தள்ளி, கயிற்றை இழுத்து நீட்டும். பலகையைப் படுக்கவைத்து ஏறியதும் கயிறு சுருங்கி உங்களை மேல்நோக்கி இழுக்கும். ஆற்றின் 1.5, 2 மீட்டர் வேகத்தோடு கயிற்றின் வேகமும் சேர்ந்து, வேண்டிய வித்தியாசம் கிடைத்துவிடும்.

சேர்மானம் இது: மரத்தில் 5 செ.மீ. அகல நெசவு வார், அதிலிருந்து 10 அல்லது 12 மி.மீ. உறைபோட்ட படகு எலாஸ்டிக், அதற்கடுத்து மிதக்கும் பாலிபுரோப்பிலீன் கயிறு, கடைசியில் தண்ணீர்ச்சறுக்குக் கைப்பிடி. நைலான் மூழ்கிக் காலில் சுற்றும் என்பதால் அது வேண்டாம். எலாஸ்டிக்கை அதன் நீளத்துக்குச் சமமாக, அதாவது இரு மடங்குவரை இழுப்பதே எல்லை. பழைய டயர் டியூப்பை வெட்டி முடைந்து செய்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வெயிலில் வெடித்த ரப்பர் எங்கே அறும் என்று சொல்ல முடியாது. 2 மீட்டர் ஓட்டத்தில் பலகை குறுக்கே நிற்கும்போது கயிற்றில் 60, 70 கிலோ இழுவை இருக்கும். அது அறுந்து வந்து முகத்தில் விழுந்தால் கண் போகும். கைப்பிடியை விட்டதும் அது மேல்நோக்கிப் பறக்கும் என்பதால் கயிற்றின் நேர்கோட்டில், மரத்துப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கைப்பிடியில் மணிக்கட்டு நுழையும் கண்ணி எதுவும் இருக்கக் கூடாது.

மரத்தைப் பார்த்துக் கட்டுங்கள். கித்தா (ரப்பர்) மரம் காற்றுக்கே ஒடியும் சாதி. ஆற்றோரச் செம்பனையின் வேர் மண்ணை மேலாகப் பிடித்திருக்கும். கரை அரித்திருந்தால் மரமே வந்துவிடும். மூங்கில் புதரும் பாலத்துக் கைப்பிடியும் கணக்கில் இல்லை. கரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே நிற்கும் பெரிய காட்டுமரம் வேண்டும். கோலகுபு பாரு பக்கம் ரப்பர் படகும் காயாக்கும் வரும் ஆறு என்பதால் குறுக்கே கயிறு நீட்டும் முன் மேல்பக்கம் ஒருவரைக் காவல் வைக்க வேண்டும்.

கயிற்றுக்கு நுரைப்பலகை என்றேன். இங்கே அடியில் இடுப்பளவுக்கு மேல் ஆழம் இருக்க வேண்டும், கல் இருக்கக் கூடாது. ஆகவே கல்லடி பயமில்லை. கைவிட்டபின் மிதந்து கிடக்கும் நுரையைக் கீழே நிற்பவர் பிடிப்பது எளிது. அட்டவணை அளவுக்கு ஒரு படி பெரிதாக, மூக்கு வளைவு 35 மி.மீ. உள்ளதாக எடுங்கள். மணல்திட்டில் இரண்டு செ.மீ. தண்ணீரில் விழுகிறவருக்கு மணிக்கட்டும் முட்டியும்தான் கவலை. கயிற்றில் விழுகிறவருக்கு உயிர்க்கவலை. 50 நியூட்டன் மிதப்புள்ள, காயாக் ஓட்டுகிறவர்கள் போடும் குட்டைச் சட்டை உடலோடு இறுகியிருக்க வேண்டும். தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக் கூடாது. தலைக்கு இஎன் 1385 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்ட தண்ணீர்க்கவசம். மோட்டார் ஹெல்மெட் தண்ணீரை வாளிபோல் அள்ளிக் கழுத்தை இழுக்கும். கீழே நிற்பவர் கையில் 15, 20 மீட்டர் மிதக்கும் கயிறு உள்ள வீச்சுப்பை, இடுப்பில் ஒரு கத்தி. விழுந்தவர் மல்லாந்து, காலை மேலே தூக்கி, கீழ்நோக்கி வைத்து மிதக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்த்தால் பாதம் கல்லிடுக்கில் சிக்கும்.

ஹவாயில் வைமேயா ஆறு கடலுக்குள் உடைத்துக்கொண்டு பாயும்போது எழும் நிலையலையையும், மியூனிக் நகர ஐஸ்பாக் கால்வாயையும் காட்டி "நம்ம ஆற்றிலும் அலை வருமா" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே அப்படி அலை எழும் நாள் வெள்ள நாள். அன்றைக்குக் கரையிலேயே இருங்கள்.

கெபாலா ஆயர்

உங்களுக்கு மேலே வெயில் அடிக்கும்போதே மலையில் கொட்டிய மழை சுவர்போல் இறங்கி வரும்; கெபாலா ஆயர் என்பது அதுதான். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும், மேலே இரைச்சல் கேட்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் பலகையைப் போட்டுவிட்டுக் கரையேற வேண்டும். மணல்திட்டு கரையோடு ஒட்டாமல் நடு ஆற்றில் நின்றால் அது எவ்வளவு அழகான திட்டாக இருந்தாலும் பிற்பகலில் போகாதீர்கள். கிளம்பும் முன் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் பக்கத்தில் உங்கள் ஆற்றின் மேல்நிலையத்து நீர்மட்டத்தைப் பாருங்கள். "வாஸ்படா" (உஷார் நிலை) என்று இருந்தால் அன்றைக்கு மோட்டார் சைக்கிளையே எடுக்க வேண்டாம்.

திரும்பி வந்ததும் பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில், விளிம்பு மேலாக நிறுத்திக் காயவையுங்கள். பூட்டிய காரில் விடக் கூடாது. உள்ளே ஏறும் சூட்டில் எப்பாக்சி இளகி, வளைவு நிமிரும், பட்டைப் பசை நகரும். காய்ந்ததும் விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் பென்சிலால் வட்டம் போட்டு, இரண்டு மூன்று நாள் உலர விட்டு, தேய்த்து, எப்பாக்சி வையுங்கள். ஈரத்தின் மேல் அவசரப்பட்டு மூடினால் தண்ணீரை உள்ளே வைத்துத் தைத்ததாகிவிடும். அடுத்த மாதம் அந்த இடத்தில் பெயிண்டு கறுத்து, அடுக்கு பிரிந்து நிற்கும்.